செருப்பைக் கழற்றுவது யார்? கடைவாசலும் வெறுங்காலும் குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

கடைக்குள் செருப்போடு போவதா, கழற்றிவிட்டுப் போவதா என்று தமிழ்நாட்டில் யாரும் நின்று யோசிப்பதில்லை. வாசலில் நாலு ஜோடி கிடந்தால் நாமும் கழற்றுகிறோம். கிடக்காவிட்டால் அப்படியே உள்ளே போகிறோம். மெத்தை விரித்த பட்டுச் சேலைக் கடை, சில நகைக்கடைகள், அடகுக் கடை, பல் மருத்துவரின் அறை, ஸ்கேன் மையம் என்று கழற்றச் சொல்லும் இடங்களின் வரிசை நீளமானது. ஓட்டல், டீக்கடை, மளிகைக் கடை, ரேஷன் கடை ஆகியவை அந்த வரிசையில் இல்லை. எது எதில் சேரும் என்பதை வழக்கமே தீர்மானிக்கிறது.

அமெரிக்காவில் நிலைமை நேரெதிர். சட்டையும் காலணியும் அணியாமல் வருபவருக்குப் பரிமாற மாட்டோம் என்ற அறிவிப்பு 1970களில் அந்நாட்டு உணவகங்களின் வாசலில் பரவியது. நியூசிலாந்திலோ பேரங்காடிக்குள் வெறுங்காலோடு நடப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓரிடத்தில் வெறுங்கால் அழுக்கு. ஓரிடத்தில் செருப்பு அழுக்கு. இன்னோரிடத்தில் இரண்டுமே பொருட்டல்ல. முதல் இரண்டு இடத்தாரும் தூய்மையையே காரணம் காட்டக்கூடும் என்றால், அந்தக் காரணத்தை அப்படியே ஏற்க முடியாது.

காலைப் பற்றிய விதி எதைக் காக்கிறது? தரையையா, உடலையா, மனிதர்களுக்கிடையிலான மேல்கீழையா? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது. இதுவரை சொல்லப்பட்டுள்ள விளக்கங்களை முதலில் தொகுத்து, வரலாற்றுச் சான்றுகளோடும் மருத்துவச் சான்றுகளோடும் ஒப்பிட்டு, தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர் வட்டாரத்தின் அண்மை நிகழ்வொன்றையும் அவற்றோடு சேர்த்துப் பார்க்கிறேன். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செருப்பைக் கழற்றச் சொல்லும் விதி நியாயமானதா என்பதை அறியச் செருப்பைப் பார்த்துப் பயனில்லை. யார் கழற்றுகிறார், யார் கழற்றுவதில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2. மூன்று விளக்கங்கள்

முதல் விளக்கம் துப்புரவைச் சார்ந்தது. தெருவின் சேறும் சாணமும் எச்சிலும் வீட்டுக்குள் வரக்கூடாது. தரையில் அமர்ந்து உண்டு, தரையில் பாய் விரித்துப் படுக்கும் சமூகத்தில் வாசலோடு செருப்பை நிறுத்துவது அறிவுடைமை. மெத்தை விரித்த ஜவுளிக்கடையில் இந்த விளக்கம் முழுமையாகப் பொருந்துகிறது. வாடிக்கையாளர் தரையில் அமர்கிறார், சேலையும் அதே தரையில்தான் விரிகிறது. மேசை போட்ட ஓட்டலில் இது பொருந்தாது. அங்கே நாம் கழற்றுவதும் இல்லை.

இரண்டாவது விளக்கம் தீட்டைச் சார்ந்தது. உடலின் கீழ்ப்பகுதி கால். செத்த மாட்டின் தோல் செருப்பு. இரண்டும் சேர்ந்தால் தீட்டு. பிரெஞ்சு மானிடவியலர் லூயி துய்மோன் 1966இல் வெளியிட்ட ‘ஹோமோ ஹையரார்க்கிகஸ்’ நூலில் சாதியமைப்பு முழுவதையும் தூய்மை, தூய்மையின்மை என்ற எதிர்நிலையைக் கொண்டு விளக்கினார். அந்தச் சட்டகத்தில் செருப்பின் இழிவையும் செருப்புத் தைப்பவர் மீது சுமத்தப்பட்ட இழிவையும் ஒரே கணக்கில் அடக்கலாம். ஆனால் அதே மரபில் இறைவனின் பாதுகை தலைமேல் சூடப்படுகிறது. வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் பாதுகையைப் போற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்கள் இயற்றினார். காலணியின் மதிப்பு அதை அணிந்தவரைப் பொறுத்து மாறுகிறது என்றால், இழிவு பொருளில் இல்லை.

மூன்றாவது விளக்கம் அதிகாரத்தைச் சார்ந்தது. செருப்பு அணிவது தன்மதிப்பின் அடையாளம். அதைக் கழற்றவைப்பது, கழற்றுபவரின் இடம் எது என்று அவருக்கே தினமும் நினைவூட்டும் முறை. இம்மூன்றில் எது வலுவானது என்பதை வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டு சோதிக்கலாம்.

3. முதல் சான்று: எட்டுத் தடைகள்

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், சாதி குறித்த தம் நூலில் இவற்றை வரிசைப்படுத்திப் பதிந்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டையோ பனியனோ கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் அணியக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, சொத்துகள் அழிக்கப்பட்டன. 1931இல் இந்த எட்டு, பதினொன்றாக விரிந்தது.

செருப்பு இந்த வரிசையில் எந்தத் துணையோடு வருகிறது என்பது முக்கியம். அது குடையோடு ஒரே தடையில் வருகிறது. குடையில் தோல் இல்லை, அது தரையைத் தொடுவதில்லை, யாருடைய வீட்டையும் அழுக்காக்குவதில்லை. பனியனுக்கும் கிராப்புக்கும் மல்லிகைப் பூவுக்கும் தீட்டுக் கணக்கில் இடமே இல்லை. எட்டையும் பிணைக்கும் ஒரே சரடு, மனிதர் தன்னை நன்றாக வைத்துக்கொள்வதைத் தடுப்பது. துப்புரவு விளக்கமும் தீட்டு விளக்கமும் இந்த வரிசையின் முன் நிற்கவில்லை.

இந்தத் தடைகள் சட்டமற்ற வெளியில் விதிக்கப்பட்டவையும் அல்ல. பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் 1924இலேயே நிறைவேறியிருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்தும், தெருவில் நடக்கும் உரிமை பெற்றவர் எந்தக் கோலத்தில் நடப்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆதிக்கத்தினர் தம் கையில் வைத்துக்கொள்ள முயன்றனர். நுழையும் உரிமையும், தலைநிமிர்ந்து நுழையும் உரிமையும் வேறுவேறு என்பதை இது காட்டுகிறது.

4. இரண்டாவது சான்று: தர்பாரில் காலணி

ஆங்கிலேய ஆட்சியும் இந்த விளையாட்டை நன்கு அறிந்திருந்தது. இந்தியர்கள் அதிகாரிகளின் முன் காலணியைக் கழற்றியே நிற்க வேண்டும் என்று நெடுங்காலம் வற்புறுத்தப்பட்டது, ஆங்கிலேயர் கழற்றுவதில்லை. 1854இல் தலைமை ஆளுநர் டல்ஹவுசி ஒரு சலுகை தந்தார். ஐரோப்பிய பாணிப் பூட்சும் காலுறையும் அணிந்து வரும் இந்தியக் கனவான்கள் அவற்றோடே அரசு விழாக்களில் கலந்துகொள்ளலாம். 1868இல் இச்சலுகை விரிவானது. நாட்டுச் செருப்பு அணிந்து வருபவர் மட்டும் பழையபடி கழற்ற வேண்டும்.

பூட்சும் தோல், நாட்டுச் செருப்பும் தோல். இரண்டும் ஒரே தெருவில் நடந்து வந்தவை. ஒன்று உள்ளே வரலாம், மற்றது வாசலில் நிற்க வேண்டும் என்றால், அங்கே அளக்கப்பட்டது அழுக்கல்ல. இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்த மானிடவியலர் பெர்னார்ட் கோன், ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் இடையிலான உறவு உடையின் வழியே எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கு இதை எடுத்துக்காட்டாக வைக்கிறார்.

பர்மாவில் இதே சிக்கல் தலைகீழாக எழுந்தது. பர்மியர் வெறுங்காலோடு நடந்த புத்த கோயில் முற்றங்களில் ஐரோப்பியர் பூட்சோடு நடந்தனர். பௌத்தத் துறவி லெடி சயாடோ இதைக் கண்டித்து எழுதினார். இளம் பௌத்தர் சங்கம் இயக்கம் நடத்தியது. தத்தம் வளாகத்தில் விதி வகுக்கும் உரிமை மடத் தலைவர்களுக்கே உண்டு என்று 1919இல் அரசு இறங்கிவந்தது. அந்த மக்கள் செருப்பைக் கழற்றும் வழக்கத்தை எதிர்க்கவில்லை. ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் விலக்கு இருந்ததை எதிர்த்தார்கள். காலடி விதியின் நியாயம் அது எல்லோருக்கும் பொருந்துவதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் கோயில்களையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். கம்பைநல்லூர் தேசநாதேசுவரர் கோயில் வாசலில் இன்று ஆட்சியரும் கழற்றுகிறார், கூலிக்காரரும் கழற்றுகிறார். அந்த வெறுங்காலில் இழிவு இல்லை. ஆனால் 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலய நுழைவு நடக்கும்வரை, வெறுங்காலோடு வந்தாலும் உள்ளே விடப்படாத மக்கள் இருந்தார்கள். வழிபாட்டிடத்தின் சமத்துவமும் போராடிப் பெற்றதுதான்.

5. மூன்றாவது சான்று: உடல்

வெறுங்காலால் உண்மையில் யாருக்குக் கேடு? கொக்கிப்புழுவின் இளம்புழு ஈர மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து உடலுக்குள் ஏறுகிறது. குடலில் ஒட்டி இரத்தம் குடித்துச் சோகையை உண்டாக்குகிறது. 1920களில் ராக்பெல்லர் அறக்கட்டளை சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியில் இறங்கியது. நூறாண்டுக்குப் பிறகும் ஜவ்வாது மலையிலும் திமிரி வட்டாரத்திலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இதே புழுவை ஒழிக்கும் வழியைத் தேடிப் பெரிய கள ஆய்வை நடத்த வேண்டியிருந்தது. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்பவரே இந்நோய்க்கு ஆளாகிறார். ‘செருப்பு அணியாதே’ என்ற தடை அவமதிப்பு மட்டுமல்ல, தலைமுறை தலைமுறையாக உடலில் இரத்தம் குறையச் செய்த கொடுமையும் ஆகும்.

அதேசமயம், ஓட்டலுக்குள் வெறுங்காலோடு வரும் ஒருவரால் பக்கத்து மேசைக்காரருக்கு நோய் வரும் என்பதற்கு அடிப்படை இல்லை. அமெரிக்க நடுவண் உணவு விதிகளும் வாடிக்கையாளரின் காலைப் பற்றிப் பேசுவதில்லை. வாசலில் தொங்கும் அறிவிப்பு கடைக்காரரின் விருப்பமே. இந்தியாவில் 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு உரிம ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை உணவைக் கையாளும் தொழிலாளிக்குத் தூய உடை, தலையுறை, காலணி ஆகியவற்றை முதலாளி தர வேண்டும் என்கிறது. சட்டத்தின் கவலை சமையலறையில் நிற்பவரைப் பற்றியது. ஆனால் நம் ஊர் ஓட்டல்களில் கொதிக்கும் எண்ணெய்க்கும் ஈரத் தரைக்கும் நடுவே பலர் வெறுங்காலோடுதான் வேலை செய்கிறார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கழற்றச் சொல்லும் கடைகளுக்கும் மருத்துவம் ஒரு செய்தி வைத்திருக்கிறது. தொழுநோயில் பாதம் உணர்விழந்தவர்களுக்காக வேலூரிலும் கரிகிரியிலும் மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் மென்மையான நுண்ணறை ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். இன்று நீரிழிவால் பாத உணர்வு குன்றியவர்களும் அதே வகைச் செருப்பை அணிகிறார்கள். அவர்கள் காலில் குத்திய குண்டூசியை உணர மாட்டார்கள். வெயிலில் காய்ந்த சிமென்ட் தரை சுடுவதும் தெரியாது. சிறு புண் விரலையே இழக்கும் அளவுக்குப் போகக்கூடும். வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள் என்று மருத்துவர் சொல்லும் நோயாளியை, அதே மருத்துவமனையின் வரவேற்பறையில் ‘செருப்பை வெளியே விடுங்கள்’ என்ற பலகை எதிர்கொள்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து குணமடைந்தோரையும் தன் வரையறைக்குள் சேர்த்து, அவர்களுக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்யச் சொல்கிறது. அந்த வசதி செருப்போடு உள்ளே வர அனுமதிப்பதிலிருந்தே தொடங்கும்.

6. கம்பைநல்லூர் வட்டாரம் காட்டுவது

2024 பிப்ரவரியில், மொரப்பூர் அருகே விவசாய வேலைக்குச் சென்ற பட்டியல் சாதிப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் ஊற்றிக் கொடுத்த நிகழ்வு வெளியே தெரிந்தது. கம்பைநல்லூர் காவல் நிலையத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகி, நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பெண்கள் இருவர் கைது செய்யப்பட்டனர்.

இது கடையில் நடந்ததல்ல. செருப்பைப் பற்றியதும் அல்ல. ஆனாலும் நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. பட்டியல் சாதியினருக்குத் தனி டம்ளர் வைக்கும் டீக்கடையின் இரட்டை டம்ளர் முறை சட்டத்துக்கும் இயக்கங்களுக்கும் முன் பின்வாங்கியபோது, அதன் மனநிலை சட்டத்தின் கண் எளிதில் படாத இடங்களுக்கு நகர்ந்திருக்கிறது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. கடைத்தெருவில் எல்லோரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து டீ குடிக்கும் வட்டாரத்தில், களத்துமேட்டில் குவளை பிரிகிறது. ஹட்டனின் பட்டியலில் ‘மண்பாண்டம் மட்டும்’ என்ற தடையும் ‘செருப்பு கூடாது’ என்ற தடையும் ஒன்றாக இருந்ததை நினைத்துப் பார்த்தால், எதில் குடிப்பது என்பதும் எதை அணிந்து நடப்பது என்பதும் ஒரே ஒழுங்கின் இரு கூறுகள் என்பது விளங்கும்.

செருப்புத் தடை பழங்கதையாகிவிட்டதா என்ற கேள்விக்குத் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் அருகிலுள்ள ராஜாவூர் பதில் சொல்லியது. 2023 டிசம்பரில் அங்கே ஏறத்தாழ 60 பட்டியல் சாதியினர், அதுவரை செருப்பணிந்து நடக்க முடியாதிருந்த ஆதிக்க சாதியினரின் தெருவில் செருப்போடு நடந்தார்கள். தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் பிற இயக்கத்தினரும் உடன் நடந்தனர். அவர்கள் நடந்தது ஒரு சிறு தெரு. அதற்குள் நுழையும் உரிமை எழுத்தில் வந்து நூறாண்டு ஆகப்போகும் நேரத்தில், செருப்போடு நுழைவதற்கு ஊர்வலம் தேவைப்பட்டது.

ஊர்ப்புறங்களில் இந்த வழக்கம் இன்னொரு மென்மையான வடிவத்தில் வாழ்கிறது. கிராம நிர்வாக அலுவலகத்தின் வாசலிலும், வட்டிக்கடைத் திண்ணையின் கீழும், பெரிய வீட்டு முற்றத்திலும் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றும் வயதானவர்களைப் பார்க்கிறோம். அதே வாசலில் பைக்கில் வந்திறங்கும் இளைஞர் ஷூவோடு உள்ளே போகிறார். முன்னவரின் கழற்றலை மரியாதை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் மரியாதை இரு பக்கமும் போய்வர வேண்டும். எப்போதும் ஒரு பக்கமே கழற்றுகிறதென்றால் அது பழக்கப்படுத்தப்பட்ட அச்சம்.

7. சட்டம் எங்கே நிற்கிறது

அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 15(2), கடைகள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றுக்குள் நுழைவதில் சாதி, மதம், இனம், பால், பிறப்பிடம் காரணமாக எந்தக் குடிமகனுக்கும் தடையோ நிபந்தனையோ விதிக்கக் கூடாது என்கிறது. நுழைய விடாததை மட்டும் அது தடை செய்யவில்லை. ‘இப்படி வந்தால் விடுவேன்’ என்பதையும் தடை செய்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் கடை என்பதன் எல்லை பற்றிக் கேள்வி எழுந்தபோது, பணம் பெற்றுச் சேவை வழங்கும் எவரையும் அது உள்ளடக்கும் என்று அம்பேத்கர் விரிந்த பொருள் தந்தார்.

1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டம் கடை, உணவகம், அவற்றின் பாத்திரங்கள் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தண்டனைக்குரியதாக்கியது. ஆயினும் காலணி குறித்து வெளிப்படையாகப் பேசும் விதிக்கு இன்னும் அறுபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் காலணியோ புத்தாடையோ அணிவதையும், சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும் தடுப்பது குற்றம் என்று அது பெயர் சுட்டிச் சொல்கிறது. 1930இன் தடைப்பட்டியலுக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் எழுத 85 ஆண்டுகள் ஆயின.

இதோடு ஒப்பிட வேண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. 2014 ஜூலையில் சென்னைச் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க மன்றத்தில் வேட்டி கட்டியிருந்த உயர்நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் வேட்டிக்காகத் தனிச் சட்டம் இயற்றி, மீறினால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அந்தச் சட்டம் சரியானதே. ஆனால் ஒரு நீதிபதியின் வேட்டிக்கு ஒரு மாதத்தில் கிடைத்த சட்டம், ஒரு கூலிக்காரரின் செருப்புக்குக் கிடைக்க ஏன் 85 ஆண்டுகள் ஆயின என்று கேட்பது நம் கடமை.

8. எதிர்வாதங்கள்

இரண்டு எதிர்வாதங்களுக்கு மதிப்பளித்துப் பதில் சொல்ல வேண்டும். ஒன்று, செருப்பைக் கழற்றுவது நம் பண்பாடு, அதைச் சாதியோடு முடிச்சுப் போடக் கூடாது என்பது. பண்பாடு என்பதை மறுக்கவில்லை. வீட்டுக்குள் செருப்பு அணியாதவர்களில் எல்லாச் சாதியினரும் எல்லா மதத்தினரும் இருக்கிறார்கள். அங்கே விருந்தினரும் வீட்டாரும் ஒன்றாகவே கழற்றுகிறார்கள். ஆதலால் அது பண்பாடு. வீட்டாரும் மேலோரும் கழற்றாமல் ஒருவர் மட்டும் கழற்றினால் அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மற்றது, கடை தனியார் சொத்து, உள்ளே வருபவருக்கு விதி வகுப்பது உரிமையாளரின் உரிமை என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. தரையையும் பொருளையும் காக்க விதி வகுக்கலாம். ஆனால் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தவர் ஆட்களைப் பிரிக்கும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாது. பிரிவு 15(2) அரசை மட்டும் கட்டுப்படுத்தி நிற்காமல் தனியார் கடைக்குள்ளும் நுழைவது இதனால்தான்.

9. முடிவு: நான்கு கேள்விகள்

இச்சான்றுகளிலிருந்து எந்தக் கடை வாசலிலும் கேட்கத்தக்க நான்கு கேள்விகளை வகுக்கலாம். முதலாவது, முதலாளியும் அவர் நண்பர்களும் கழற்றுகிறார்களா? இரண்டாவது, விதிக்கான காரணம் தரையிலோ விற்பனைப் பொருளிலோ இருக்கிறதா? மூன்றாவது, வெறுங்காலால் தீங்கு நேரும் நீரிழிவு நோயாளிக்கும், பாத உணர்வு இழந்தவருக்கும், நாள் முழுதும் நின்று வேலை செய்யும் ஊழியருக்கும் விலக்கு உண்டா? கடைப் பணியாளர்கள் உட்காரும் உரிமையை 2021ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் தந்தது. வழவழப்பான தரையில் வெறுங்காலோடு நிற்கும் விற்பனைப் பெண்களின் பாதங்களும் அதே கரிசனத்துக்கு உரியவை. நான்காவது, ஒருவர் ‘கழற்ற மாட்டேன்’ என்றால் அவருக்கு நேரும் இழப்பு அந்தக் கடைக்குள் போகாததோடு முடிகிறதா, அவர் வேலைக்கும் குடிசைக்கும் உயிருக்கும் நீள்கிறதா? நான்கிலும் நேர்மையான பதில் தரும் விதியை நான் மனமாரக் கடைப்பிடிப்பேன். நான்காவது கேள்வியில் தடுமாறும் விதி, எத்தனை தூய்மை பேசினாலும், 1930இன் எட்டுத் தடைகளின் வாரிசே.

இதைக் கண்டறியும் பொறுப்புக்குரிய அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையிலான விழிப்பு, கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். தருமபுரிக் குழு டீக்கடையில் டம்ளரைப் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. களத்துமேட்டில் தேநீர் எதில் ஊற்றப்படுகிறது, எந்தத் தெருவில் யார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார், எந்த அலுவலக வாசலில் முதியவர்கள் மட்டும் வெறுங்காலோடு நிற்கிறார்கள் என்பதையும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கடைக்காரர்களும் அலுவலர்களும் தம் வாசலில் நிற்பவரிடம் ‘செருப்போடயே உள்ள வாங்க’ என்று சொல்ல எந்த ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.